உப்பு போட்டாச்சா?

முன்னொரு காலத்திலே, மலைக்குப் போகிற பாதையில் ஒரு வண்டி வந்தால் எதிர்வண்டி வரப்போரம் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்த நாளிலே, பாதையோரம் ஓர் அன்னசத்திரம் இருந்தது. பசித்து வந்தவரிடம் ஊர் கேட்க மாட்டார்கள், பேர் கேட்க மாட்டார்கள். இலை போட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

அந்தச் சத்திரத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை சமைத்தவர் நாக்கில் ஒரு பருக்கை படக்கூடாது. விரலால் தொட்டுப் பார்ப்பதுகூடக் கிடையாது. முதல் ருசி பசித்தவனுக்கு என்று, சத்திரத்தைத் தொடங்கிய பெரியசாமி சொல்லிவிட்டுப் போனது. கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் அங்கே சமையல்.

பெரியசாமி கண்ணை மூடுவதற்கு முன் தன் இடத்தில் குருவாக இளையசாமியை உட்கார வைத்தார். இளையசாமிக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. சமையல்கட்டுக்குப் பொறுப்பாக இருந்த மாசிலாமணிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இளையசாமி சிறுபிள்ளையாகப் பசியோடு வந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்தபோது, முதல் பிடி சோறு போட்டதே மாசிலாமணிதான். இப்போது அந்தப் பிள்ளையின் காலில்தான் மாசிலாமணி தினமும் காலையில் விழுந்து எழுந்திருக்கிறார். முதல் தடவை விழுந்தபோது முதுகு கொஞ்சம் விறைத்தது உண்மை. அப்புறம் பழகிவிட்டது.

மாசிலாமணி இவரைச் சாமி என்பார். இவர் அவரை ஐயா என்பார்.

சமையல்கட்டில் இரண்டு வகை ஆட்கள் இருந்தார்கள். பெரியசாமி காலத்திலிருந்தே இருக்கிறவர்கள் ஒரு வகை. அவர்களுக்குத் தலைவர்போல இருந்தவர் நாகப்பர், மாசிலாமணியின் பெண்டாட்டிக்கு அண்ணன். இன்னொரு வகை, வானம் பொய்த்த வருஷத்தில் கிழக்கேயிருந்து வந்த இளவட்டங்கள். வேலை கேட்டு வாசலில் நின்றவர்களை உள்ளே கூட்டிவந்தது மாசிலாமணி. அவர்களுக்கெல்லாம் முன்னால் நின்று பேசுகிறவள் வடிவு என்ற பெண்.

நாகப்பர் ஆட்கள் விடிவதற்கு முன்னே குளித்துவிட்டு வந்துவிடுவார்கள். கடைசி இலை எடுக்கும்வரை உட்கார மாட்டார்கள். வடிவு ஆட்கள் வெளிச்சம் வந்தபிறகு வருவார்கள். உட்கார்ந்துதான் காய் நறுக்குவார்கள், பாடிக்கொண்டே நறுக்குவார்கள். ஆளுக்குக் கொஞ்ச நேரம் முறை வைத்து வேப்பமரத்தடியில் போய்க் காலை நீட்டுவார்கள்.

"அடுப்பு முறை வெச்சா எரியுது?" என்பார் நாகப்பர், விறகைப் பார்த்து.

"இருட்டுல வந்து நறுக்குறாங்களே, கத்திரிக்காய்ல புழு இருந்தாத் தெரியுமா?" என்பாள் வடிவு, கத்திரிக்காயைப் பார்த்து.

நேருக்கு நேர் பேச்சே கிடையாது. நாகப்பருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "யாராச்சும் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க" என்பார். அந்தப் பெண் கையெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பாள்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது. இரண்டு வகையும் நன்றாகச் சமைக்கும். காலைப் பந்தி நாகப்பர் ஆட்களுடையது, மாலைப் பந்தி வடிவு ஆட்களுடையது. சாப்பிட்டவர்கள் இரண்டையும்தான் வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

திருவிழா என்று வந்தால்தான் வம்பு. கூட்டம் பெருகும், பெரிய அண்டாவை ஏற்றவேண்டும், எல்லோரும் ஒரே அடுப்பைச் சுற்றி நிற்கவேண்டும். நாகப்பர் புளித்தண்ணீர் கொதிக்கும்போது உப்புப் போடுகிறவர். அப்போது போட்டால்தான் காயில் ஏறும் என்பார். வடிவு குழம்பை இறக்கும்போது போடுகிறவள். முதலிலேயே போட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும் என்பாள்.

தைப்பூசத்துக்கு இவரும் போட்டார், அவளும் போட்டாள். காவடி தூக்கி வந்தவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பானைக்கு ஓடினார்கள்.

மாசி மகத்துக்கு இரண்டு பேருக்கும் பயம். எப்படியும் அந்தப் பெண் கடைசியில் போட்டுவிடுவாள் என்று இவர் விட்டார். பெரியவர் முதலிலேயே போட்டிருப்பார் என்று அவள் விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. இலையை மூடிவிட்டு எழுந்தவர்கள் சாலையோரத்தில் கல் கூட்டித் தாங்களே பொங்கிக்கொண்டார்கள். சத்திரத்து வாசலில் நின்று பார்த்தால் அந்தப் புகை தெரிந்தது.

சத்திரத்துக்கு அரிசி கொடுக்கிற சுற்றூர்ப் பெரியவர்கள் மாசிலாமணியைக் கூப்பிட்டார்கள். அவர்களில் மூத்தவர் காளியண்ணர்.

"ரெண்டு வகையில ஒரு வகையை அனுப்பிரு. பழைய ஆளுகளோ புது ஆளுகளோ, எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பங்குனி உத்திரத்துக்கு மொத நாள் மத்தியானம் சாப்பிட வர்றோம். யாரு போறாங்கன்னு அன்னிக்குச் சொல்லு. சொல்லலைன்னா எங்க அரிசி வண்டி இந்தப் பக்கம் வராது."

மாசிலாமணி இரண்டு பக்கமும் போய்ப் பேசிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், உப்புப் போட்டாளான்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"நல்லாச் சொன்னீங்க மாப்ள. இந்த அடுப்புலயே தலை நரைச்சவன் நான். நான் போய் நேத்து வந்த பிள்ளைகிட்ட உப்பு விசாரிக்கணுமா? அப்புறம் இந்தக் கரண்டியையும் அவகிட்டயே குடுத்துட்டு மூலையில உக்காந்துக்கறேன்."

வடிவிடம் போனார்.

"ஏம்மா, அவர்தான் கேக்கலை. நீ கேட்டிருக்கலாமே?"

"எப்படி மாமா கேக்கறது? பெரிய மனுசரைப் பாத்து, உப்புப் போட்டீங்களான்னு கேட்டா, உனக்குச் சமைக்கத் தெரியுமான்னு கேட்ட மாதிரி ஆகாதா? ஏற்கெனவே எங்களை மரியாதை தெரியாததுகன்னுதான் சொல்லிட்டிருக்காரு."

கேட்டுவிட்டு வெளியே வந்த மாசிலாமணிக்கு முன்னைவிடக் குழப்பம். அவர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அவள் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. பெண்டாட்டியின் அண்ணனை வாசலுக்கு வெளியே அனுப்புவதா? தானே உள்ளே கூட்டிவந்த பிள்ளைகளை அனுப்புவதா? ஒன்று மட்டும் நெஞ்சுக்குள் உறுதியாக இருந்தது. வாசலில் நின்றால் அந்தப் புகை இனித் தெரியக்கூடாது.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலை இளையசாமி கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். மாசிலாமணி போய் விழுந்து எழுந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க ஐயா."

"யாரை அனுப்பட்டும்? வயசானவங்களையா, சின்னவங்களையா?"

இளையசாமி கோடரியைக் கீழே வைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். கோடரிக் காம்பு தேய்த்து ஒரு கொப்புளம் உடைந்திருந்தது.

"நீங்க எந்தப் பக்கம் ஐயா?"

"நானா? நான் பொறுப்புல இருக்கேன், சாமி."

"அப்ப நான்?"

"சாமிக்கு வயசு ஏதுங்க?"

இளையசாமி சிரித்தார். "வயசு இருக்கு. முதல் நாள் என் கால்ல விழுந்தப்ப உங்க முதுகு சொல்லுச்சே."

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"மத்தியானம் பெரியவங்க சாப்பாட்டுக்குக் குழம்பு நாம ரெண்டு பேருமே வைப்போம்" என்றார் இளையசாமி. "உங்க வயசு ஒண்ணு, என் வயசு ஒண்ணு. ஒரு தவலை."

"சாமி கரண்டி பிடிக்கறதா?"

"பிடிச்சா கரண்டி ஒடிஞ்சிரப் போகுதா?"

விஷயம் பரவிவிட்டது. சமையல்கட்டு முழுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். சுவரோரம் அடுக்கிய விறகுப் பக்கம் நாகப்பரும் அவர் ஆட்களும். எதிரே உப்பு ஜாடி இருந்த மேடைப் பக்கம் வடிவும் அவள் ஆட்களும். நடுவில் அடுப்பு. அடுப்பின்மேல் நடுத்தரமாக ஒரு தவலை. பெரியவர்கள் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று சேதி வந்தது.

மாசிலாமணி பருப்பை வேகவிட்டார். இளையசாமி பூசணிக்காயை நறுக்கினார். துண்டுகள் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வடிவு பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாகப்பர் திரும்பி முறைத்தார். ஆனால் அவர் மீசையும் கொஞ்சம் அசைந்தது.

புளியைக் கரைத்து ஊற்றியதும் அடுப்பு மங்கியது. மாசிலாமணி குனிந்து ஊதுகுழலை எடுத்து ஊதினார். ஈர விறகு, புகை கண்ணை நிறைத்தது. மேல்துண்டால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது இளையசாமி மேடைப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். உப்பு ஜாடியின் மூடி சாய்ந்திருந்தது.

குழம்பு கொதித்தது. இளையசாமி கரண்டியை எடுத்துக் கிளறினார். இடது கையால் கிளறினார்.

மாசிலாமணிக்குத் திக்கென்றது. இடது கையாலா? நாகப்பர் தொண்டையைச் செருமினார். வடிவு பக்கத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயைத் திறந்து யாரும் கேட்கவில்லை. சாமியை யார் கேட்பது?

மாசிலாமணியின் கண் ஜாடி மூடிக்குப் போனது. அங்கிருந்து தவலைக்கு வந்தது. புளித்தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. நாகப்பர் வழியில் என்றால் இதுதான் உப்புப் போடும் நேரம். சாமி போட்டிருப்பாரோ? போட்டிருந்தால், தான் இன்னொரு பிடி போட்டால் தைப்பூசம். போடவில்லையென்றால், தான் சும்மா நின்றால் மாசி மகம்.

குழம்பை முகர்ந்து பார்த்தார். புளி வாசம் வந்தது, பெருங்காயம் வந்தது. உப்புக்கு ஏது வாசம்?

நாகப்பரைப் பார்த்தார். நாகப்பர் உதட்டை இறுக்கிக்கொண்டு தவலையையே பார்த்து நின்றார். வடிவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

கூடத்தில் இலை போடும் சத்தம் கேட்டது. தண்ணீர் தெளித்துத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"இறக்கிரலாமா ஐயா?" என்றார் இளையசாமி.

தவலைக்கு நீட்டிய கையை மாசிலாமணி திரும்ப இழுத்துக்கொண்டார். குருவைப் பார்த்து, இத்தனை பேர் நடுவில், நீ உப்புப் போட்டாயா என்று கேட்பதா? உனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்ட மாதிரி ஆகாதா? யாரோ சொன்ன வார்த்தை. யார் சொன்னது என்று நினைத்தார். வடிவு சொன்னது. சரி, கேட்கவேண்டாம், குருவுக்குத் தெரியாததா என்று விட்டுவிடலாமா? கூடவே இன்னொன்றும் உள்ளே முறுக்கிக்கொண்டு நின்றது. இவருக்கு முதல் சோறு போட்டவன் நான், நான் போய் இவரிடம் உப்பு விசாரிப்பதா? அது யார் குரல் என்று நினைக்கவே வேண்டியிருக்கவில்லை. மச்சான் குரல், ஆனால் தன் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"ஐயா, பெரியவங்க காத்திருக்காங்க."

சாலையோரத்துப் புகை கண்ணுக்குள் வந்து நின்றது.

மாசிலாமணி மேல்துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். சண்டைக்குப் போகிறவர் கட்டுவதுபோலத்தான் கட்டினார்.

"சாமி, தப்பா நெனைக்கக்கூடாது. உப்பு போட்டாச்சுங்களா?"

அடுப்பில் ஒரு விறகு வெடித்தது.

இளையசாமி கரண்டியைத் தவலை விளிம்பில் வைத்தார். விறகுப் பக்கம் திரும்பினார், மேடைப் பக்கம் திரும்பினார். "யாராச்சும் பாத்தீங்களா?"

நாகப்பர் கொஞ்சம் தயங்கினார். "தவலையில விழலீங்க. நான் கண்ணை எடுக்கவே இல்லை."

"எடுத்தாரே!" என்றுவிட்டாள் வடிவு. சொன்னபிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கையை எடுத்துவிட்டு மறுபடியும் சொன்னாள்: "ஜாடிக்குள்ள கையை விட்டு ஒரு பிடி எடுத்தாரு. என் பக்கத்துலதான் எடுத்தாரு."

நாகப்பர் அவள் பக்கம் திரும்பினார். "எடுத்தாரா?"

"எடுத்தாரு பெரீப்பா."

"நல்லாப் பாத்தியா, வடிவு?"

அவர் அந்தப் பேரைச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அவளே ஒரு கணம் யாரைக் கூப்பிடுகிறார் என்று முழித்தாள்.

"நல்லாப் பாத்தேன். நீங்க நல்லாப் பாத்தீங்களா? புகைக்குள்ள விழுந்திருக்காதா?"

"எம் மூஞ்சிக்கு நேரா இருக்குது தவலை. ஒரு கல்லுகூட விழலைங்கறேன்."

"அப்ப எடுத்த உப்பு எங்க போச்சு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எங்க போச்சு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இளையசாமியின் வலது கையைப் பார்த்தார்கள். அது மூடியிருந்தது. விரல்களுக்கு நடுவே ஈரம் கசிந்து மணிக்கட்டில் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

இளையசாமி கையைத் திறந்தார். பாதி கரைந்த கல்லுப்பு. அதற்கு அடியில், காலையில் உடைந்த கொப்புளம் செக்கச்செவேலென்று இருந்தது.

"ஐயோ, எரியுமே சாமி!" என்றாள் வடிவு.

"எரியத்தான் எரிஞ்சது" என்றார் இளையசாமி. கையிலிருந்ததைத் தவலையில் உதறினார்.

நாகப்பர் எட்டிப் பார்த்தார். "கரைஞ்சு வழிஞ்சது போக இது பத்தாது. இன்னும் அரைப் பிடி வேணும்."

"நீங்க போடறீங்களா பெரீப்பா, நான் போடட்டுமா?"

"நீதான் ஜாடிக்குப் பக்கத்துல நிக்கறே. போடு. நான் பாத்துட்டிருக்கேன்." அப்புறம், தனக்குத்தானே பேசுகிறவர்போல, "பருப்பும் வெந்துருச்சு, இனி விறைக்கவும் விறைக்காது" என்றார்.

பெரியவர்கள் சாப்பிட்டார்கள். காளியண்ணர் முதல் வாயைச் சந்தேகத்தோடுதான் வைத்தார். அப்புறம் சோற்றில் குழி பறித்து, "இதுல ஊத்துங்க" என்றார். பூசணித் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்து, "இதென்ன, பாதிப் பூசணிக்காயே வந்துருச்சு?" என்று கேட்டார். பரிமாறிய பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு, கை கழுவி வந்து நின்றார் காளியண்ணர். "சரி, சொல்லு. யாரு போறாங்க?"

"யாரும் போகலீங்க."

"என்னப்பா இது? நாளைக்கு உத்திரம். நாளைக்கும் இலையை மூடிட்டு எந்திரிச்சாங்கன்னா?"

"அப்ப ஒரு ஆள் போவாங்க. நான் போறேன்."

நாகப்பர், "மாப்ள" என்று ஒரு எட்டு முன்னால் வந்தார். மாசிலாமணி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பேச்சு பலமாத்தான் இருக்கு" என்றார் காளியண்ணர். "அப்படி என்ன செய்யப்போறே நாளைக்கு?"

"கேக்கப்போறேங்க."

"என்னத்தை?"

"உப்பு போட்டாச்சான்னு. எல்லார்கிட்டயும், எல்லார் முன்னாலயும்."

காளியண்ணர் மற்றப் பெரியவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். மாசிலாமணி சிரிக்கவில்லை. துண்டு இன்னும் இடுப்பில்தான் இருந்தது. அதைப் பார்த்துக் காளியண்ணருக்கும் சிரிப்பு மெல்ல நின்றது.

"வண்டி விடியறதுக்குள்ள வரும்" என்றார். பெரியவர்கள் கிளம்பிப் போனார்கள்.

சமையல்கட்டில் நாளைக்கான பெரிய அண்டாவை இறக்கிக் கழுவத் தொடங்கியிருந்தார்கள். ஒரு பக்கக் காதை நாகப்பர் ஆட்கள் பிடித்திருந்தார்கள், மறு பக்கத்தை வடிவு ஆட்கள்.

"பெரீப்பா, உப்பு போட்டாச்சா?" என்று வடிவு குரல் கேட்டது.

"கழுதை! அண்டாவே இன்னும் காயலை, அதுக்குள்ள உப்பு!"

ஒரே சிரிப்பு. கிண்டல்தான். ஆனாலும் கேட்டுவிட்டாள், அவரும் பதில் சொல்லிவிட்டார்.

மாசிலாமணி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். இளையசாமி கையை நீட்டினார். மாசிலாமணி தண்ணீரை மெதுவாக ஊற்றினார். உப்பு போனதும் புண் மட்டும் தெரிந்தது. பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை.

"சாமி."

"சொல்லுங்க ஐயா."

"இலை போட்டாச்சு. பெரியவங்க உக்காந்தாச்சு. அப்பவும் நான் கேக்காமலே இருந்திருந்தா?"

இளையசாமி கையை உதறிக்கொண்டார்.

"எனக்கும்தானே வாய் இருந்தது, ஐயா" என்றார்.

கோடரியை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

மாசிலாமணி காலிச் செம்போடு நின்றார். பிறகு துண்டை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, அண்டா கழுவும் சத்தம் வந்த பக்கம் நடந்தார்.